காராமணிக்கு வந்த ஆடுகள்

வல்லக்கோட்டை
22-9-91

அன்பு மகன் டில்லிபாபுவுக்கு அம்மா எழுதுவது. முருகன் துணையால் இங்கே அப்பாவும் நானும் சுகம், அங்கே பட்டாளத்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா, குளிர் தொடங்கிவிட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அதே நினைப்பாக இருக்கிறேன். உன் தங்கை எழிலரசிக்கு இது ஏழாம் மாதம். சிங்கப்பெருமாள் கோவிலில் மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள், கால் வீங்குகிறதாம். அப்பாவுக்கு முழங்கால் வலியும் பிடிவாதமும் அப்படியே இருக்கின்றன.

போன லீவில் நீ சொன்னபடியே மேட்டுக் கொல்லையில் ஆடி மாதம் மரவள்ளி நட்டோம். மூன்றடிக்கு ஒரு குச்சி. கிழங்கு எடுக்கப் பத்து மாதம் ஆகும், அதுவரை நடுவில் மண் சும்மா கிடப்பானேன் என்று வரிசைக்கு வரிசை இடையில் காராமணி விதைத்தேன், ஓரத்தில் கொத்தவரை. காராமணி பூவும் பிஞ்சுமாக நின்றது. அங்கேதான் வினை. பக்கத்துக் கொல்லைப் பாஞ்சாலியின் நான்கு ஆடுகளும் இரண்டு முறை வந்து மேய்ந்துவிட்டன. கட்டி மேய்க்கச் சொன்னேன். வாயில்லா ஜீவன்க்கா, ரெண்டு வாய் துன்னா இன்னா கொறைஞ்சிபூடும் என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் முறை வந்ததை நான் பார்த்தேன். வரப்பில்தான் நின்றிருந்தேன், கையில் கோலும் இருந்தது. காராமணியைப் பாதிக்குமேல் மேய்ந்துவிட்டு மரவள்ளித் தழையில் வாய் வைத்தன. நம் ஊருக்கு மரவள்ளி புதிது, அந்தத் தழை ஆட்டுக்கு விஷம் என்று குச்சி கொண்டுவந்த சேலத்துக்காரர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். தின்று தொலையட்டும் என்று நின்றேன். வயிறு உப்பி இரண்டு நாள் படுத்துக் கிடக்கும், அவளுக்குப் புத்தி வரும் என்றுதான் நினைத்தேன் என்று எழுத வந்தேன் கண்ணு, அது பொய். சாகும் என்று எனக்குத் தெரியும். நான்கும் நுரை தள்ளி, காலை உதறிக்கொண்டு வரிசை நடுவிலேயே விழுந்தன. ஒன்று சினை.

பாஞ்சாலி ஏதோ பாம்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். குழி தோண்டும்போது என் தோளில் சாய்ந்து, நீ பாத்திருந்தா ஓட்டிவுட்டிருப்பேக்கா, என் நேரம், நீ இல்லாம பூட்டே என்று அழுதாள். அன்றிலிருந்து கொல்லையில் தழை அசைந்தால் கோலை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். நட்டநடுப் பகலில் வரிசைக்குள்ளிருந்து சினை ஆடு கத்துவது கேட்கிறது, விலக்கிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மிஞ்சிய காராமணியைப் பறித்துக் குழம்பு வைத்தேன், அப்பா சாப்பிட்டார், நான் மோர் ஊற்றிக்கொண்டேன். அவரிடமும் சொல்லவில்லை. எழிலரசியின் வயிற்றை நினைத்தால் பயமாக இருக்கிறது. கோவிலுக்குப் போனேன், விபூதிக்குக் கை நீட்ட முடியவில்லை.

எப்போதும் கங்காவிடம் சொல்லி எழுதவைக்கிறவள், இந்தத் தடவை ஏன் கோழி கிறுக்கினமாதிரி நானே எழுதியிருக்கிறேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். பாஞ்சாலி பெற்ற பெண்ணிடம் இதை எப்படி எழுதச் சொல்வேன். மூன்று முறை அவர்கள் வாசல்வரை போய்விட்டேன், வாய் வரவில்லை. அதனால் நடந்ததை நீ பதிலில் எழுதிவிடு. உன் கையெழுத்து எனக்குப் பிடிபடாது, கங்காதான் படித்துக் காட்டுவாள், கேட்கப் பாஞ்சாலியும் வந்து உட்காருவாள். நான் நடுவில் எழுந்து போகமாட்டேன்.

எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு என்றும் உண்டு. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மா கவனிக்கவில்லை என்று எனக்காக மழுப்பி எழுதிவிடாதே. பார்த்துக்கொண்டு நின்றாள் என்றே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜம்மா