கொட்டகையில் நான்கு டயர்கள்

எயில்ஸ்தாதிர், கிழக்கு ஐஸ்லாந்து
செப்டம்பர் 12

அன்புள்ள கெஸ்துர்,

நலமா? போன் செய்தால் "கேக்குது, கேக்குது" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அப்பா வாத்தியார், எழுதிக் கேட்டால்தான் பதில் வரும் என்று உங்கள் மகன் லோகி சொல்வான். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஊர் மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க, வாரம் ஐந்து நாள், நம் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள மேட்டுவெளியைத் தாண்டி வர வேண்டும். லோகி இறந்த பிறகு இந்த இரண்டு வருஷத்தில் அந்தச் சாலையில் நான் ஒருமுறைகூட வண்டி ஓட்டியதில்லை. உங்கள் பேத்தி உன்னாவையும் உங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். அவளும் பின் இருக்கையில் இருப்பாள்.

லோகியிடம் இருந்த அதே மாதிரி பெரிய ஜீப் வாங்கியிருக்கிறேன். எந்த டயர் போடுவது? ஐஸைக் குத்திப் பிடிக்கும் இரும்பு ஆணி வைத்ததா, வைக்காததா? கடைக்காரன், "ஆணியில்லாம அந்த மேட்டுல ஏறுவியா? என்ன பைத்தியமா உனக்கு?" என்கிறான். நீங்கள் சொல்வதைத்தான் போடுவேன்.

யோரூன்


செப்டம்பர் 18

என் அன்பு யோரூன்,

வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. முதலில் ரப்பரைப் பார். சாதாரண டயர் குளிரில் இறுகிப்போன சுண்ணக்கட்டி மாதிரி, பலகையில் வழுக்குமே தவிர எழுதாது. குளிர்கால டயர் மிருதுவானது, எழுதும். பனி ஆழமாக இருந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடு. வெறுங்காலை அகல ஊன்றுவது போல டயர் பரந்து நிற்கும்.

ஆணி வேண்டாம். காய்ந்த சாலையில் இரைச்சல், சாலைக்கும் கேடு. நல்ல மிருதுவான டயர் போதும்.

இங்கே மாலை ஐந்தரைக்கு முற்றத்துச் சரளையில் ஆணி டயர் ஏறிவருகிற சத்தம் கேட்கிறது. கறகறவென்று வாசல்வரை வரும். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. செப்டம்பரில் ஆணி டயர் போடுபவர் யார்? காதுக்கு வயதாகிவிட்டது.

உன்னாவுக்கு முத்தம்.
கெஸ்துர்


செப்டம்பர் 25

அன்புள்ள கெஸ்துர்,

பனிக்குச் சொன்னீர்கள், காய்ந்த சாலைக்குச் சொன்னீர்கள். கண்ணாடி ஐஸுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த மேடு முழுக்க ஐஸ்தான் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். எந்தக் கேள்வியையும் பாதியில் விடுகிற வாத்தியார் இல்லையே நீங்கள்!

அந்தச் சத்தம் எத்தனை நாளாகக் கேட்கிறது?

யோரூன்


அக்டோபர் 2

யோரூன்,

இரண்டு வருஷமாக.

ஆணி வேண்டாம் என்று நான் எழுதியது பொய்ப் பாடம். ஆணி டயரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இதையும் எழுத வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

என் கொட்டகையில் நான்கு ஆணி டயர்கள் இருக்கின்றன. லோகி வாங்கி வைத்தவை. எல்லா வருஷமும் போல இங்கே முற்றத்தில் வைத்து மாட்டுவதாக ஏற்பாடு. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அக்டோபர் 27 அன்று மதியம் வந்தான்.

"அப்பா, மேல ஐஸ் விழுந்திருச்சு. இன்னைக்கே மாட்டிடலாம். கொட்டகைச் சாவியக் குடுங்க."

"ஆணி டயர் நவம்பர் ஒண்ணுலேருந்துதான் போடலாம். அதுக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. வாத்தியார் வீட்டு முற்றத்துலயே சட்டத்த மீறுவியா?"

"சரிங்க சார். மார்க்கக் கொறச்சிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே போனான். ஐந்தரைக்குக் கிளம்பினான். மேட்டு வளைவில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது உனக்குத் தெரியும். சாவி என் சட்டைப்பையில் இருந்தது உனக்குத் தெரியாது.

சாலை ஐஸாக இருந்தால் தேதிக்கு முன்பே மாட்டலாம் என்று அதே சட்டத்தின் அடுத்த வரி சொல்கிறது. நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் அடுத்த வரியையும் படி என்று சொன்னவன் நான். அன்று என் பிள்ளைக்கு அதைப் படித்துக் காட்டவில்லை.

அந்த டயர்கள் ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை. ஆனாலும் மாலையில் அவைதான் வருகின்றன. போன வாரம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் இன்னும் மிருதுவாகவே இருக்கிறது.

நீ ஆணி டயரே போடு. இவை வேண்டாம், கடையில் புதிதாக வாங்கு. இந்த வீட்டுப் பக்கம் வர உனக்கு மனம் இல்லாவிட்டால் எனக்குப் புரியும்.

கெஸ்துர்


அக்டோபர் 9

அன்புள்ள கெஸ்துர்,

எனக்குத் தெரியும். அன்று மேட்டின் அடிவாரத்தில் நிறுத்திப் போன் செய்தான். "எங்கப்பா டயருக்கும் பள்ளிக்கூடம் தெறக்குற தேதி பாக்குறாரு!" என்று ஒரே சிரிப்பு. திரும்பிப் போய்ச் சாவியை வாங்கிக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். "மீன் சூப் ஆறுது, சீக்கிரம் வா" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. அதை நேரில் சொல்கிறேன்.

ஞாயிறு மாலையிலிருந்து மேட்டில் ஐஸ் விழும் என்று வானிலைச் செய்தி. உன்னாவை என் தங்கையிடம் விட்டுவிட்டு, சாலை காய்ந்திருக்கும்போதே அன்று காலையில் வந்துவிடுகிறேன். சாவியை எடுத்து வையுங்கள். அந்த நான்கையும் நாம் இருவருமே மாட்டுவோம். தேதியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

ஐந்தரைக்கு நான் கிளம்புவேன். இரண்டு வருஷமாக அந்தச் சத்தம் வருவதை மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். அன்று முற்றத்தில் நின்று அது போவதைக் கேளுங்கள், முழுக்கத் தேய்ந்து மறையும்வரை.

மேட்டைத் தாண்டி வீடு சேர்ந்ததும் போன் செய்வேன். எடுங்கள். உடனே வைத்துவிடாதீர்கள்.

யோரூன்