எட்டாம் நம்பர் பஸ்ஸில் தீராத வழக்கு

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். அதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும். தபால் நின்றுபோய் நாளாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் உதவிக்குழுவின் நர்ஸ் ஒருத்தி, எல்லை தாண்டிப் போகும்போது இதைக் கொண்டுபோய்ப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் கடிதமும் அவள் கை வழியாகத்தான் வந்தது. தங்கமான பெண்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். எடுத்த எடுப்பிலேயே அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலில் வீட்டு நிலவரம். ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்திருக்கிறோம், காற்றடித்தால் படபடவென்று உயிரை வாங்குகிறது. தெருப் பக்கம் படுக்கப் பயந்துகொண்டு உன் அறையில்தான் இருவரும் படுக்கிறோம். உன் புத்தகங்களை அப்பா சுவரோரமாக அடுக்கியிருக்கிறார், ஏதாவது வந்தால் தாங்குமாம். இத்தனை தடிப் புத்தகமாகப் படித்தாயே, அதற்கு இப்போதாவது ஒரு பிரயோசனம் வந்தது. நான் வழக்கம்போல ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போகிறேன். வெளுக்கிற தூள் தீர்ந்துவிட்டது. கறை போகாத விரிப்புகளைத் தனியாக மடித்துவைக்கிறோம். அவற்றில் படுக்கவும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

அவர்கள் எதற்காக எங்கள் மேல் படையெடுத்தார்கள் என்று அங்கே, நீ இருக்கும் அவர்கள் நாட்டிலேயே, எல்லாரும் சண்டை போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் முதலாளி ஒன்று சொல்கிறார், பேப்பர் இன்னொன்று சொல்கிறது, ஊர்வலம் போகிறவர்கள் வேறு சொல்கிறார்கள் என்றாய். இங்கேயும் அதே வழக்குதான். எங்களுக்கு அது அப்பா ஓட்டும் எட்டாம் நம்பர் பஸ்ஸில் நடந்தது. அப்பா ஒரு கட்சி, கண்டக்டர் சில்லறை மாமா எதிர்க்கட்சி, பயணிகள் எல்லாரும் நீதிபதிகள்.

அப்பா எந்தப் பக்கம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெப்போவில் வேலைநிறுத்தம் செய்ததற்காக அவரைப் பிடித்துக்கொண்டுபோய், முன்பல் இல்லாமல் திருப்பி அனுப்பினார்களே, அன்றிலிருந்து பழைய ஆட்சி ஒழிய வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதலே கிடையாது. ஒழிக்கிறவன் எந்தப் பேயாக இருந்தாலும் சரி. "எதுக்கு வந்தா எனக்கென்ன? வந்தான்ல? அது போதும்" என்பார்.

மாமா விடுவாரா? டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டு, "டேய், இத்தனை வருஷ சர்வீஸ்ல ஓசியில ஏறினவன் எவனாவது அடுத்த ஸ்டாப்புல தானா இறங்கிப் பாத்திருக்கியா?" என்று கேட்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். ஒரு நாள் கடலுக்கடியில் இருக்கும் எரிவாயுவுக்காக என்பார். அடுத்த நாள் துறைமுகத்துக்காக. அதற்கடுத்து, அவர்கள் ஊரில் தேர்தல் வருகிறது, அதனால்தான் என்பார். ஒரு தடவை, குண்டு செய்கிற பட்டறைக்காரனுக்கும் சரக்கு விற்றுத் தீர வேண்டாமா என்று கேட்டார். மேல் வீட்டு வாத்தியார் மட்டும், "நம்ம வீடு அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்லய்யா. பக்கத்து வீட்டுக்காரனைக் கண்காணிக்கணும், அதுக்கு நம்ம மாடி வேணும்" என்று அடித்துச் சொல்வார். காய்கறிக் கூடையோடு ஏறுகிற அம்மாள் ஒருத்திதான் இவர்களை அடக்குவாள். "எதுக்கு வந்தாங்கன்னு நீங்க அப்புறம் ஆராய்ச்சி பண்ணுங்க. எப்பப் போவாங்கன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்பாள்.

ஆட்சி கவிழ்ந்த அன்று, டிரைவர் சீட்டுக்கு மேலே மாட்டியிருந்த தலைவர் படத்தை அப்பாவே திருகாணி கழற்றி இறக்கினார். மாமா ஒரு டிக்கெட்டைக் கிழித்து அந்தச் சட்டத்தில் செருகி, "இத்தனை காலம் ஓசிப் பயணம். இறங்கும்போதாவது எடுக்கட்டும்" என்றாராம். அன்றைக்குப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அப்பா டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டு வாசலில் நின்றுகொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அழுதேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் திருடர்கள் புகுந்தார்கள். மருந்து, கட்டில், எங்கள் சலவை மெஷினின் மோட்டார் எல்லாவற்றையும் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்ச்சாரியில் இருக்கும் எரிவாயுக் கம்பெனி ஆபீஸ் வாசலில் படையெடுத்து வந்தவர்களின் டாங்கி நின்றுகொண்டிருந்தது. பெரிய டாக்டர் ஓடிப்போய்க் கெஞ்சினார். இந்தக் கட்டடத்தைக் காக்கத்தான் உத்தரவு, அந்தக் கட்டடத்துக்கு உத்தரவு இல்லை என்றுவிட்டார்கள். மாமாவுக்கு இது போதாதா? மறுநாள் பஸ்ஸில் அவர் கட்சி ஜெயித்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லையாம். அப்பா, "ஆரம்பத்துல அப்படித்தான்டா இருக்கும், பொறு" என்றாராம். மாமாவும் சரி என்று பொறுத்தார்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

சில்லறை மாமா இப்போது இல்லை.

ஆற்றுப்பாலத்தின் முனையில் அவர்கள் புதிதாகத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். பாலம் எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். எதிரே வண்டி வந்தால், இரண்டு தடவை லைட்டைப் போட்டு அணைப்பது நம் டிரைவர்களின் மரியாதை. நீ போ, நான் நிற்கிறேன் என்று அர்த்தம். அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டு அந்த ஸ்விட்சை நான்தான் அமுக்குவேன் என்று நீ அடம் பிடித்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? அன்று பொழுது சாய்கிற நேரம். எதிரே அவர்களுடைய ராணுவ லாரி பாலத்தில் ஏறியது. அப்பா பஸ்ஸை ஒதுக்கி நிறுத்தி, இரண்டு தடவை லைட்டைப் போட்டார். தடுப்பில் இருந்தவர்கள் அதை யாருக்கோ காட்டும் ஜாடை என்று நினைத்துவிட்டார்கள். சுட்டார்கள்.

மாமா முன்படியில் நின்றிருந்தார். அப்பாவுக்குக் கண்ணாடி தெறித்துக் கையிலும் கன்னத்திலும் காயம், ஆறிக்கொண்டிருக்கிறது. பயணிகள் குனிந்து தப்பித்துவிட்டார்கள். நான் சலவைக்கூடத்தில் இருந்தேன். வந்த மூட்டையைப் பிரித்தபோது காக்கிச் சட்டை ஒன்று கிடந்தது. பையில் விசில் இருந்தது. யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா வண்டி எடுக்கவில்லை. லைட்டைப் போட்டது நான்தானே என்கிறார். சாப்பிடச் சொன்னாலும் அதுதான், தூங்கச் சொன்னாலும் அதுதான். நீங்கள் மரியாதைதானே செய்தீர்கள் என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, வருத்தம் தெரிவிப்பதற்காக ஓர் அதிகாரி மாமா வீட்டுக்கு வந்தான். நான் அத்தையோடு இருந்தேன். இரண்டு பெட்டி தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. அவன் பேசுவதை நம் பேச்சில் சொல்ல ஒரு பையனும் வந்திருந்தான். நம் ஊர்ப் பையன்தான், பேச்சிலேயே தெரிந்தது. யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் கட்டியிருந்தான்.

மகனே, அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அதிகாரி சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. அந்தப் பையனின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் விரலைப் பார்த்தேன், நிற்கிற நிற்பைப் பார்த்தேன். துணி விலகி வலது காது தெரிந்தபோது, உனக்கு இருக்கிற மச்சம் அதில் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு நிம்மதியாக மூச்சு வருகிறது. வெட்கமாக இருந்தது.

அதிகாரி நீளமாகப் பேசினான். பையன், "ரொம்ப வருத்தப்படுறாங்களாம்மா" என்று முடித்துவிட்டான். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இவங்க எதுக்குப்பா இங்க வந்தாங்க?" பையன் அதை அதிகாரியிடம் சொன்னான். அதிகாரி தன் பூட்சைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தான். "நாட்டுக்காகன்னு சொல்றாரு" என்றான் பையன். "எந்த நாட்டுக்காகன்னு கேளு" என்றாள் அத்தை. அதைப் பையன் கேட்கவில்லை. கிளம்பும்போது, நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்கிற மாதிரியே, "போயிட்டு வரேன்மா" என்றான். அதுவரை கண்ணீரே விடாத அத்தை, "வராதே" என்று கத்தினாள். அந்தப் பையன் படியில் தடுக்கி விழப்போனான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளராக அவர்களோடு வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், குடியுரிமை கிடைக்கும், பிறகு உங்களையும் அழைத்துக்கொள்வேன், அங்கே நடக்கிற தப்புகளில் பாதி பேச்சு புரியாததால்தான் நடக்கிறது, நான் இருந்தால் தடுக்கலாம், அம்மா சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியிருந்தாய்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "வரச் சொல்லு. அன்னைக்கு அவன் பாலத்துல நின்னிருந்தா நம்ம சில்லறை செத்திருக்க மாட்டான்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். அந்த லைட்டுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாமா இன்றைக்கும் சில்லறைக்குச் சண்டை பிடித்துக்கொண்டு, எரிவாயுவா துறைமுகமா என்று அப்பாவை வம்புக்கு இழுத்துக்கொண்டு இருப்பார். இதை நினைத்து நினைத்துத்தான் எனக்குப் பதில் எழுத இவ்வளவு தாமதம்.

ஆனால் உன்னை அந்தப் பாலத்தில் மட்டும் நிறுத்த மாட்டார்களே. கதவை உடைத்துக்கொண்டு போகிற வீடுகளுக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். குப்புறப் படு, கையைத் தூக்கு என்பதை எங்கள் பேச்சில் எங்களுக்குச் சொல்கிறவன் நீயாக இருப்பாய். அத்தை மாதிரி ஒருத்தி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், என்ன சொல்வாய்? அந்த வழக்கு பஸ்ஸிலேயே முடியவில்லை. அவர்களுக்கே பதில் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லும்படி இல்லை. அதை அவர்களுக்காக உன் வாயால் சொல்ல நீ பேச்சுக் கற்கவில்லை. அந்த நாக்குக்கு நான்தான் முதல் வார்த்தை சொல்லிக் கொடுத்தேன்.

அதனால் வேண்டாம். அப்பாவின் பதிலையும் எழுதிவிட்டேன், மறைக்கவில்லை. என் பதில் இதுதான்.

குடியுரிமை போனால் போகட்டும். எங்களை அழைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. நீ வேலை பார்க்கிற இடத்தில் எவனாவது பேப்பரைக் காட்டி, நல்லது செய்யத்தான் போயிருக்கிறோம் என்றால், எட்டாம் நம்பர் பஸ்ஸைப் பற்றி அவனிடம் சொல். சண்டைக்குப் போகாதே, சொன்னால் போதும்.

ஒருவேளை இந்தக் கடிதம் கைக்குக் கிடைப்பதற்குள் நீ கையெழுத்துப் போட்டிருந்தால், உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்த வண்டியில் வந்தாலும், யாரோடு வந்தாலும், நம் தெருமுனையில் அந்தத் துணியை அவிழ்த்துவிட்டு வா. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், ஏசுகிறவர்கள் ஏசட்டும். முகம் தெரிய வந்தால், திட்டிக்கொண்டாவது உனக்குச் சோறு போடுவேன். உன் காதைத் தேடும்படி என்னை நிற்க வைத்துவிடாதே, கண்ணா.

நல்லா இருப்பா. எந்த ஊரில் இருந்தாலும், முகத்தை மறைக்காமல் தெருவில் நடக்கிற பிழைப்பு உனக்குக் கிடைக்கட்டும்.

உன்னைப் பெற்ற
அம்மா