அந்துருண்டை வாசம்

அன்னூர்,
12.6.1996

கோகிலாவுக்கு உன் நங்கையா எழுதுவது.

நீ பிரசவத்துக்குக் கொடுமுடி போய்ப் பதினைந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் உன் வீட்டுக்காரன், அதாவது என் அருமைத் தம்பி லட்சுமணசாமி, பாதி ஆளாகிவிட்டான். "மோட்டாரை நிறுத்தினயாடா?" என்று கேட்டால், "நாயித்துக்கெழமை போயிட்டு வாரேங்க்கா" என்கிறான். காது இங்கே இருக்கிறது, மனசு காவிரிக்கரையில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களைப் பெற்ற அய்யன் தொண்ணூற்றொரு வயதுவரை ஓர் ஊசி போடாமல் வாழ்ந்தவர். பிறந்த குழந்தைக்கு அப்படிப்பட்டவர் கட்டிப் பழசான துணியை அத்தைதான் முதலில் போர்த்த வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் அய்யன் வேட்டியில் பாதியைக் கிழித்துத்தான் உன் மூத்தவனைச் சுற்றினேன். பத்தே நாளில் மஞ்சள் பூத்துப் போய்விட்டான். அய்யன் ஆயுசு அவனுக்கு ஒட்டவில்லை.

மீதிப் பாதி மரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்க அமாவாசைக்கு அமாவாசை புது அந்துருண்டை போட்டு வருகிறேன். ஆவணியில் எடுத்து வருவேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அன்றைக்குத் துக்க வீட்டில், "கொடுமுடிக்காரி ரத்தமே சரியில்லை" என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். நானும் ஒரு தரம் சொன்னேன். நீ அடுக்களையில் இருந்தாய், காதில் விழுந்திருக்கும். நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நங்கையா,
ரங்கநாயகி


கொடுமுடி,
4.7.1996

மரியாதைக்குரிய நங்கையாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் சொன்னது தப்பும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் இருக்கிறானே என் தம்பி மருதாசலம், அவனுக்குப் போன மாதக் கடைசியில் மலேரியா வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, ஆனால் மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று, கண் மஞ்சளாகிவிட்டது. கோயமுத்தூரில் சாயிரா பானு என்ற டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார். மெலிந்த உருவம், குரலே எழும்பாது. ஆனால் அவர் கேட்ட கேள்விகளை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ரத்தத்தில் சிவப்பு அணுக்களைக் காக்கிற பொருள் ஒன்று உண்டாம். அது மருதாசலத்துக்குப் பிறவியிலேயே குறைவாம். அம்மா வழியாக வருவது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, மகன்களில்தான் வெளிப்படும். எனக்குப் பையன் பிறந்தால் அவனுக்கு இருக்கவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூத்தவனுக்கு நிச்சயம் இருந்திருக்கும் என்கிறார். ஆகவே ரத்தம் எங்கள் வீட்டு ரத்தம்தான் நங்கையா.

அய்யன் வேட்டியைக் கொண்டுவர வேண்டாம். இங்கே அறை சின்னது, எலித் தொல்லை வேறு. அந்துருண்டை வாசம் இப்போது எனக்குக் குமட்டுகிறது. அந்தப் பெட்டியையும் வீட்டுக்குள் வைக்க வேண்டாமே.

தக்காளி இங்கே கொள்ளை மலிவு. அம்மா இரண்டு கூடை வாங்கி வற்றல் போட்டிருக்கிறாள். உங்களுக்கென்று ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.

என்றும் உங்கள்,
கோகிலவாணி


அன்னூர்,
22.7.1996

கோகிலா கண்ணுக்கு,

உனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டு, "என்ன வாசமுங்க நங்கையா" என்று நின்றவள் நீ. உனக்குக் குமட்டுகிறதா? நான்கு வரி குழந்தையைப் பற்றி எழுதிவிட்டு அந்துருண்டைக்கும் எலிக்கும் தாவினாய். எனக்கு அங்கேயே உறுத்திற்று.

சனிக்கிழமை நாலு உருண்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். உன் டாக்டரம்மா முன்னால் அவிழ்த்து வைத்தேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, பச்சக்கொழந்தையச் சுத்தின துணியில இது கெடந்துச்சுங்க. இதனாலதானுங்களா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். துணியில் ஏறியிருந்த அந்த வாசத்தை மூச்சாலும் தோலாலும் குழந்தை வாங்கிக்கொண்டது. சாதாரணக் குழந்தை என்றால் தாங்கியிருக்கும். நம் பையனின் ரத்தம் தாங்கவில்லை.

"இதுல என் பங்கு எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

"பங்கு பிரிக்க இது கூட்டல் இல்லீங்கம்மா, பெருக்கல். அந்த ரத்தம், இந்த உருண்டை, ரெண்டுல எது சைபரா இருந்திருந்தாலும் விடை சைபர்தான். யாருக்கும் தெரியாம ரெண்டும் சேர்ந்துபோச்சு" என்றார். எங்கள் வாத்தியார் ஒருவர்கூட இவ்வளவு தெளிவாகக் கணக்குச் சொல்லித் தந்ததில்லை.

நீ இதையெல்லாம் தெரிந்துகொண்டு எனக்குத் தக்காளி வற்றலைப் பற்றி எழுதியிருக்கிறாய். இரண்டு வருடம் ஊர்ப்பழியைச் சுமந்தாய். என் பழி தெரிந்ததும் அதையும் எடுத்து உன் மடியிலேயே கட்டிக்கொண்டாய். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை கண்ணு.

நேற்று அவிநாசியில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. அன்றைக்குப் பேசிய அதே சனம். பந்தியில் இலை போட்டதும் எழுந்து நின்றேன். "எங்க மூத்த பையன் போனதுக்குக் கோகிலா ரத்தம்னு பேசினீங்க. நானும் பேசினேன். நான் போட்டுவெச்ச அந்துருண்டையும் சேர்ந்துதானுங்க அது. இனிமே அவளப் பேசறதுன்னா என்னையும் சேத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

உன் பிள்ளை பிறந்தால் பார்க்க வரமாட்டேன். அதை இந்தக் கையால் தூக்க எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் துணியை உன் அம்மாவே போர்த்தட்டும்.

ரங்கநாயகி


கொடுமுடி,
30.8.1996

என் நங்கையாவுக்கு,

பத்தொன்பதாம் தேதி பையன் பிறந்தான். உங்கள் தம்பி வந்து பார்த்துவிட்டு, "மூக்கு அப்படியே அக்கா மூக்குதான்" என்று கவலைப்பட்டார். டாக்டரம்மா சொன்னபடி பிறந்தவுடன் ரத்தம் எடுத்து அனுப்பினோம். இவனுக்கும் அந்தக் குறை இருக்கிறது.

டாக்டரம்மா ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்துருண்டை கூடாது, இன்னின்ன மாத்திரை கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்தத் தாளைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். இவன் ஓடுவான், பள்ளிக்கூடம் போவான், கிழவனாவான் என்கிறார். இன்றோடு பதினோரு நாள் முடிந்தது. மஞ்சள் இல்லை. பத்தாம் நாள் நான் அவனைத் தரையில் விடவே இல்லை.

நீங்கள் என்னைப் பெரிதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்காக மட்டும் மறைக்கவில்லை நங்கையா, சொல்ல எனக்குத் துணிவும் இல்லை. நீங்களோ உருண்டையை முடிந்துகொண்டு போய்க் கேட்டீர்கள், பந்தியில் எழுந்து நின்று சொன்னீர்கள். அதைக் கேட்டு எங்கள் அம்மா, "அவங்க பொம்பளையே இல்ல, சிங்கம்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை.

குழந்தை இன்னும் ஆஸ்பத்திரித் துண்டில்தான் இருக்கிறான். அம்மா தன் பழைய சேலையைக் கிழிக்க வந்தாள். அத்தை வரட்டும் என்று தடுத்துவிட்டேன். என் பக்கத்து எண்ணை யாராலும் மாற்ற முடியாது. உங்கள் பக்கத்து எண் சைபராகிவிட்டது. பிறகு எதற்குப் பயம்? வாருங்கள்.

கோகிலா


அன்னூர்,
3.9.1996

கோகிலா கண்ணு,

அய்யன் வேட்டியைப் பெட்டியோடு தோட்டத்துச் சாலைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன். உருண்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. வீடு முழுவதும் இரண்டு தரம் கழுவியாயிற்று.

வரமாட்டேன் என்று உனக்கு எழுதினேனே, அதைத் தபாலில் போட்ட அன்றே கடைவீதியில் ஒரு வெள்ளை நூல் சேலை வாங்கினேன். அன்றிலிருந்து அதையும் என் பழைய சேலை ஒன்றையும் மாற்றி மாற்றித்தான் கட்டுகிறேன். துவைப்பதும் வெயிலில் உலர்த்துவதும் கட்டுவதுமாக நாற்பது நாளில் பஞ்சாகிவிட்டது. பெட்டிக்குள் ஒரு பொழுதும் வைத்ததில்லை. "வெள்ளச்சீலை எதுக்குங்க்கா, ஆகாது" என்று தம்பி சண்டைக்கு வந்தான். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை.

தொண்ணூற்றொரு வயது ஆள் கட்டியதில்லை இது, ஐம்பத்துநாலு வயதுக்காரி கட்டியது. உன் பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வாரேன். வாசலிலேயே என்னை நிறுத்து. சேலையை நீ முகர்ந்து பார், என் இரண்டு கையையும் முகர்ந்து பார். அதற்குப் பிறகு பிள்ளையைக் கொடு.

உன் நங்கையா