சீன விமானத்தில் உன் சென்சார்

நேற்று டாலஸ் விமான நிலையத்துக்கு என் நாத்தனாரை அழைத்துவரப் போயிருந்தேன். காரை விட்டு இறங்கியதும் எரிந்த விமான எரிபொருளின் வாசனை முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்ட மகளிடம் உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "அம்மா, நாட் நவ்" என்றாள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

டாலஸை அடுத்த பிளானோவில் இருந்த அலுவலகத்தில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. விமான எஞ்சினுக்குள் சூட்டை அளக்கும் சென்சார் செய்வது நம் வேலை. சீனா சொந்தமாகப் பயணிகள் விமானம் கட்டியபோதும், எஞ்சினை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. அந்த எஞ்சினுக்குள் உன் சென்சார் போனது. ஷாங்காயில் அந்த விமானத்தைக் கட்டும் லின் என்ற பொறியாளரோடு வருடக்கணக்கில் போனில் மல்லுக்கு நின்றாய். விமானம் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது அவர் அனுப்பிய வீடியோவை என்னிடம் நீட்டி, "பாருடி, நம்ம சென்சார் டேக் ஆஃப் ஆகுது" என்றாய். குரலை உயர்த்தவே இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

தமிழ்ச் சங்கப் பொங்கல் சாப்பாட்டில் ஒரு அங்கிள், "சீனாக்காரன் காப்பி அடிச்ச பிளேன்ல எவன்மா ஏறுவான்?" என்று சிரித்தார். "நான் ஏறுவேன் அங்கிள். அவங்க காப்பி அடிச்சாவது ஒண்ணு கட்டிட்டாங்க. நாம இன்னும் டிக்கெட் வாங்கிட்டுதான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டாய்.

அந்த விமானத்தில் ஒருமுறை ஏறிப் பார்க்கத்தான் ஆசைப்பட்டாய். ஆனால் உன் வேலையில் இருப்பவர் சீனா போக அலுவலகம் அனுமதிக்க வேண்டும். கேட்டாய். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மறுபடி கேட்டாய். அதே பதில்.

பிறகு சீனாவுக்கு அனுப்பும் ஏற்றுமதி உரிமத்தை அமெரிக்க அரசு நிறுத்தியது. கட்டி வைத்த பெட்டிகள் கிடங்கிலேயே நின்றன. அந்தப் பக்கத்து ஆட்களோடு எந்தப் பேச்சும் கூடாது என்று கம்பெனி வக்கீல் வந்து சொன்னார். அந்த வாரம்தான் லின்னிடமிருந்து உன் போனுக்கு ஒரு வரி வந்தது: 'நலமாக இருக்கிறீர்களா?' நீ வக்கீலிடமே போய்க் கேட்டாய். அதற்கும் பதில் போடக் கூடாது என்றார்.

"நல்லா இருக்கேன்னு சொன்னா எந்த ரகசியம்டி வெளிய போயிடும்?" என்றாய் என்னிடம். உன் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை; விதியை மீறினால் அதுவும் கைவிட்டுப் போகும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாய்.

சில நாள் கழித்து, காய்கறிக் கடை வாசலில் மயங்கி விழுந்தாய். மூளையில் ரத்தக் கசிவு. உன் கணவர் போன் பண்ணி நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நிறுத்தியபோதும் காரணம் சொல்லவில்லை; நீ போன பிறகு, காரணம் சொல்லாமலே உரிமத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள். பெட்டிகள் கிளம்பின. உன் வேலை என்னிடம் வந்தது. முதல் அழைப்பிலேயே லின் கேட்டார், "அவங்க எங்கே? என்மேல் கோபமா?" நடந்ததைச் சொன்னேன். "இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் சீட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அங்கிருந்தால் எஞ்சின் தெரியும்" என்றார்.

சீனாக்காரர்கள் இப்போது சொந்த எஞ்சினைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அது வந்துவிட்டால் நம் சென்சாருக்கு அங்கே வேலை இருக்காது. அதற்குள் உனக்காக நானாவது ஏறிப் பார்க்கலாமென்று அனுமதி கேட்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

எல்லாரும் என்னை ஆறுதலடையச் சொல்கிறார்கள். ஒரு மனிதர் நலம் விசாரித்தார், பதில் சொல்ல உனக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. தணிய விடமாட்டேன்.