முள்ளுக்கு இந்தப் பக்கம்

1923 நவம்பர் 18, ஞாயிறு. ராசிபுரம்.

காலையில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. தெற்குத் தெருவில் முந்தாநாளே விழுந்துவிட்டதாம். எலி விழுந்த வீட்டில் அதற்குமேல் இருக்கக் கூடாது. தெருத் தெருவாகச் சனங்கள் சட்டி பானையோடு காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் நாங்களும் போய்விட வேண்டும்.

பிள்ளைகளிடம் பிளேக் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏரிக்கு மேல குடிசை போட்டு, கூட்டாஞ்சோறு ஆக்கித் திங்கப் போறோம்" என்றேன். சின்னவள் வசந்தாமணி ஒரு குதி குதித்தாள். ஐந்து வயதுக்கு அது போதும். பெரியவள் ராமாத்தாளுக்கு ஒன்பது.

"அப்பறம் ஏனுங்ப்பா அம்மா அழுவுது?"

"வெங்காயம் உரிச்சா, சாமி."

அவள் திரும்பி வெங்காயக் கூடையைப் பார்த்தாள். கூடை காலி. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டப் போனாள். அவர்கள் அம்மா சாலம்மாளுக்கு இது எட்டாவது மாதம்.

நவம்பர் 20

கீற்றுக் கூரை, சோளத்தட்டுச் சுவர். நானே கட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பக்கத்துக் குடிசைத் தையல்கார உசேன் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இப்படிப் பார்த்தா நேராத்தான் இருக்கு அண்ணே" என்றார். தையல் மெஷினைத் தலையில் சுமந்து வந்திருக்கிறார் மனிதர். யாருக்குத் தைப்பாரோ.

நவம்பர் 25, ஞாயிறு

ராசிபுரம் நெய் என்றால் சேலம் வரைக்கும் கேட்டு வாங்குவார்கள். இப்போது ராசிபுரம் என்று சொன்னாலே ஆள் பத்தடி தள்ளி நிற்கிறான். விற்பதற்கென்று நான் காய்ச்சிய நெய் நாலு டின் குடிசையில் கிடக்கிறது. சீண்ட ஆளில்லை. அரிசி தீர்ந்துபோனதால் கேழ்வரகுக் களிதான் மூன்று வேளையும். களிக்கு நடுவில் குழி பறித்து நெய்யை ஊற்றித் தின்கிறோம். சமீன்தார்கள்கூட இப்படித் தின்றிருக்க மாட்டார்கள்.

சாலம்மாளால் குனிய முடியவில்லை என்று நேற்று நான் களி கிண்டினேன். மேலே மாவு, அடியில் கரி, நடுவில் கல். ஒரு உருண்டையை நாய்க்குப் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. அதற்கும் வெங்காயக் கதை சொல்ல முடியாது. சாலம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டை விட்டு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

டிசம்பர் 2, ஞாயிறு

சாலம்மாள் தன் பயத்தை இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள். பெண்கள் இரண்டும் அவள் அண்ணன் வீட்டில் பிறந்தவர்கள். மருத்துவச்சி ஆத்தாயி கை. அதற்குப் பிறகு பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் இங்கே ராசிபுரத்தில். ஒன்று அழவே இல்லை. இன்னொன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

"இன்னொண்ணையும் குழியில வெக்க எனக்குத் தெம்பில்லீங்க. என்னை எங்கண்ணன் ஊட்ல கொண்டுபோய் உட்ருங்க. ஆத்தாயி பார்த்துக்குவா."

வண்டி கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் 5, புதன்

சாலம்மாளின் அண்ணன் ஊர் ஊஞ்சக்காட்டுப்பாளையம் போய்த் திரும்பினோம்.

ஆமாம், திரும்பிவிட்டோம்.

போகும்போது திருவிழாவுக்குப் போகிற மாதிரிதான் போனோம். கடன் வாங்கிய அரிசியில் புளியஞ்சோறு, ஒரு டின் நெய், மச்சானுக்கு வெற்றிலை. வழியில் இளங்காளை எதையோ பார்த்து மிரண்டு வண்டியை வாய்க்காலில் இறக்கியது. நெய் டின் உருண்டு திறந்து, வசந்தாமணி தலையிலிருந்து கால் வரை நெய்யில் குளித்தாள். ஈ மொய்க்க மொய்க்க அவளை வண்டியில் உட்காரவைத்து, "மாமன் ஊட்டுக்குப் போறதுக்குள்ள உன்னை எறும்பு தூக்கிட்டுப் போயிரும்" என்றேன். சாலம்மாள்கூடத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

ஊருக்கு முன்னால் பாதையை அடைத்து வேலாமுள் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் தடியோடு ஏழெட்டுப் பேர். ராசிபுரத்திலிருந்து யார் வந்தாலும் உள்ளே விடக் கூடாது என்று தமுக்கு அடித்திருக்கிறார்கள். நடுவில் கண்ணுசாமி. அவள் கூடப்பிறந்த அண்ணன்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. ஊர்க் கட்டுப்பாடுங்க. எனக்கும் மூணு குஞ்சு குளுவான் இருக்குதுங்க."

இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் பக்கம் திரும்பவில்லை.

சாலம்மாள் வண்டியிலிருந்து இறங்கி முள்ளுக்குக் கிட்டே போனாள். "நான் வல்லீண்ணா. ஆத்தாயியை மட்டும் அனுப்பு."

"அவ அங்க வந்தா மறுபடி ஊருக்குள்ள வர முடியாது, அம்மிணி."

பிறகு ஒரு மொந்தையில் மோர் கொண்டுவந்து முள்ளுக்கு இந்தப் பக்கம் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றான். நாய்க்கு வைக்கிற மாதிரி. சாலம்மாள் தொடவில்லை. வசந்தாமணிதான் ஓடிப்போய் எடுத்துக் குடித்தாள். குழந்தை, தாகம். நான் தடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஏதேதோ வேடிக்கை பேசினேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

டிசம்பர் 6

இனி அண்ணன் பேச்சை எடுக்கக் கூடாது என்றாள். சரி என்றேன்.

டிசம்பர் 15

எங்கள் வீட்டுச் சுவரை எருமை தின்றுவிட்டது. நிசமாகத்தான். யாரோ அவிழ்த்துவிட்ட எருமை, மேற்குப் பக்கச் சோளத்தட்டைப் பாதி மென்றுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறது. படுத்திருந்த சாலம்மாள் கண் விழித்தால் எதிரே எருமை முகம். "எமன்தான் ஏறி வந்துட்டான்னு நெனச்சேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த மூலையில் மறுபடி படுக்கவில்லை. நான் சிரிக்கவில்லை.

உசேன் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துச் சுவராகத் தொங்கவிட்டார். சட்டை தைத்திருக்கிறேன், சுவர் தைத்தது இதுதான் முதல் தடவை என்கிறார். காசு கேட்டால் கோபித்துக்கொள்கிறார். களிக்கு நெய் கொடுத்தேன்.

டிசம்பர் 21, வெள்ளி

ஆண். அழுதான். அழுதான். அழுதுகொண்டே இருக்கிறான்!

உசேன் மனைவி மதீனா பீவிதான் எல்லாம் பார்த்தாள். அவளுக்கும் இதில் பழக்கமில்லை. தன் தாய் செய்ததைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். நானும் உசேனும் வெளியில் நின்று, காற்றில் பறக்கிற அந்தச் சாக்குச் சுவரை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து சத்தமே இல்லாத ஒரு நேரம் வந்தது. உசேன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. பிறகு மதீனா பீவி குரல்: "ஆம்பளப் புள்ள அண்ணே! அம்மாவும் நல்லாருக்கு!"

வசந்தாமணி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரொம்ப நல்லாவே இல்லீங்ப்பா, சுருங்கிக் கெடக்குது" என்றாள். தாத்தாவைப் போல் இருப்பான் போலிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இருந்தால் போதும்.

1924 ஜனவரி 3, வியாழன்

கீழண்டைக் குடிசைகளில் இரண்டு சாவு. அக்குளில் நெறி கட்டி மூன்றே நாளில். அந்தக் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள். இனிமேல் புதிதாக யாரையும் இந்த ஏரி மேட்டுக்கு விடுவதில்லை என்று எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்தோம். பாதையில் முள் போட்டாகிவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துக் காவல். முடிவு சொல்லும்போது எல்லாரையும்விட என் குரல்தான் உரக்க இருந்தது.

ஜனவரி 9, புதன்

இன்று என் முறை. உச்சி வெயில் நேரம்.

ஒற்றை மாட்டு வண்டி வந்தது. முப்பது வயது இருக்கும் அவனுக்கு. வண்டியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு குழந்தை, எங்கள் வசந்தாமணியைவிடச் சின்னது. மேட்டில் ஓரமாக ஓர் இடம் கொடுத்தால் போதும் என்றான்.

"ஊட்டுக்காரிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. வெயில்ல வந்த களைப்புங்க."

களைப்பா, காய்ச்சலா? எனக்கு என்ன தெரியும்? எழுந்து உட்காரச் சொல் என்றேன். அவன் அவளை எழுப்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கம்பைக் குறுக்கே நீட்டினேன். "போயிருப்பா. உள்ளார பச்சப் புள்ளைங்க இருக்குது. போயிரு."

அவன் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். அதெல்லாம் இல்லை. "குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க" என்றான்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். முள்ளுக்கு அந்தப் பக்கம் தரையில் வைத்தேன். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றேன். நகர்ந்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அப்போதும் கம்பைக் கீழே போடவில்லை நான். போடத் தோன்றவே இல்லை.

வண்டி தம்மம்பட்டிப் பக்கம் திரும்பிப் போயிற்று. அங்கே மட்டும் யார் விடப்போகிறார்கள்? பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஜனவரி 10

சாலம்மாளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 17

வசந்தாமணி ஏரிச் சேற்றில் இடுப்பு வரைக்கும் மாட்டிக்கொண்டு அக்காளைக் கூப்பிட, அக்காளும் போய் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட, நானும் போய் மாட்டிக்கொண்டேன். உசேன் கயிறு போட்டு மூன்று பேரையும் இழுத்தார். மேடே கூடி நின்று சிரித்தது. மற்ற நாளாக இருந்தால் இதை நாலு பக்கத்துக்கு எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

வீடு திரும்பினோம். வீட்டுக்குள் வெயில் படட்டும் என்று சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆட்கள் கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அரிசிப் பானை மேல் வானம் தெரிகிறது. நாங்கள் ஐந்து பேராகப் போனோம், ஐந்து பேராகத் திரும்பியிருக்கிறோம் என்று சாலம்மாள் சொன்னாள். போகும்போது ஐந்தாவது ஆள் அவள் வயிற்றில். எங்கள் தெருவில் இப்படிச் சொல்ல முடிகிற வீடு அதிகமில்லை. குடிசையை விட்டு வர மாட்டேன் என்று வசந்தாமணி தரையில் புரண்டு அழுதாள்.

மார்ச் 9, ஞாயிறு

கண்ணுசாமி வந்தான். பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், தங்கைக்குப் புடவை, ஒரு தார் பழம். கூடத்தில் உட்கார்ந்தான். பெண்கள் இரண்டும் "மாமா, மாமா" என்று மடியில் ஏறினார்கள். சாலம்மாள் சமையற்கட்டிலிருந்து வெளியே வரவே இல்லை. வெயில் தாழும் வரை காத்திருந்துவிட்டு எழுந்தான். "நான் வாரேன் மாப்ள." வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றான். செருப்பு அவன் காலுக்கு முன்னால்தான் கிடந்தது.

மார்ச் 10

இன்றைக்கு என்னால் முடியவில்லை, கேட்டுவிட்டேன். "அண்ணன் மேல இன்னுமா கோவம் தீரலை?"

அவள் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அன்னிக்கு ஒத்தை மாட்டு வண்டி வந்துதே, சாக்குச் சந்து வழியா நான் பார்த்துட்டுத்தாங்க இருந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க மனசு எளகி உட்ருவீங்களோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க. நீங்க மட்டும் உட்ருந்தா, புள்ளையக் கீழ போட்டுட்டு நானே வந்து அந்த மாட்டைத் திருப்பி அடிச்சிருப்பேன். அந்தக் கம்பளிக்குள்ள கெடந்தவளும் என்னாட்டம் ஒருத்திதான. அவளுக்கும் ஒரு புள்ள." எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் மேல எனக்கென்னங்க கோவம்? அது மூஞ்சியப் பார்த்தா என் மூஞ்சிதான் தெரியுது. அதைத்தான் பார்க்க முடியல."

நான் வேடிக்கைக்காரன் என்று இந்த ஊருக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 20

சந்தையில் வெண்ணெய் கொண்டுவருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்க்கிறேன். முப்பது வயது, ஒற்றை மாடு. தம்மம்பட்டி ஆட்களிடம் விசாரித்தும் பார்த்தேன். அந்த மாதம் அந்த வழியில் எத்தனையோ வண்டி போயிற்று என்கிறார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

மொட்டை அடித்துக் காது குத்த நாள் பார்த்தாயிற்று. யார் மடியில் வைத்துக் குத்துவது என்று கேட்காமலே இருந்தேன். இன்று அவளாகச் சொன்னாள்: "போய் எங்கண்ணனைக் கூப்ட்டுட்டு வாங்க. அந்த வண்டி வந்த கதையையும் அதுகிட்டச் சொல்லிப்போடுங்க."

ஜூலை 6, ஞாயிறு

திருச்செங்கோடு போய் வந்தோம். எங்கள் குடும்பம், உசேன் குடும்பம், கண்ணுசாமி குடும்பம், மூன்று வண்டி. அவனைக் கூப்பிடப் போன அன்றே அந்த ஒற்றை மாட்டு வண்டிக் கதையைச் சொல்லிவிட்டேன். வழியில் அச்சாணி கழன்றது, மாட்டுக்கு வைத்திருந்த புண்ணாக்கை வசந்தாமணி தின்று பார்த்தாள், மலையடிவாரத்தில் ஒரு குரங்கு உசேன் தலைத் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு மண்டபத்தின் மேல் ஏறிவிட்டது. ஒன்றும் குறைவில்லை.

கண்ணுசாமி சம்மணமிட்டு உட்கார்ந்தான். மொட்டைத் தலையோடு பிள்ளையை அவன் மடியில் வைத்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டான். கண்ணுசாமி அவன் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "அவ்வளவுதான் சாமி, ஆயிருச்சு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டு காதும் குத்தி முடித்துப் பிள்ளை ஓய்ந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. அவன் முகமெல்லாம் கண்ணீர். சுற்றி நின்ற சனம் சிரித்தது.

சாலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையை வாங்கிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வாங்கவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டிக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.