நான் பற்றவைத்த மைக் ஒயர்

இன்று காலை புதுவாயல் கடையில் உட்கார்ந்து ஒரு மைக் ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். ஈயப் பசை கருகிய புகை மூக்கில் ஏறியதும் உன் மேல் பழையபடி பொறாமை வந்தது. செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுகிறவன் இந்த ஜங்ஷனிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.

கேமரா என்னுடையது. வீட்டு உபயோகத்துக்கு விற்கிற சின்ன கேமராதான். ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூரிலிருந்து திருவள்ளூர் வரை கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஞானஸ்நானம் என்று ஓடியவன் நான். நீ தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் இல்லாத நாளில் எனக்குத் துணையாக வந்தவன். வந்தவன் சும்மா இருந்தாயா? கச்சேரி மேடையில் பிடித்துப் பாடுகிற மாதிரி கனமான மைக் ஒன்றை ஏதோ பழைய சாமான் கடையிலிருந்து கொண்டுவந்தாய். அதன் வாலில் மூன்று பின். என் கேமராவில் இருந்ததோ இயர்போன் சொருகுகிற அளவுக்கு ஒரு ஓட்டை. "ரெண்டும் சேராதுடா" என்றேன். "சேத்து வெச்சா சேந்துக்கும் நைனா" என்றாய். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர் செய்து மாட்டியும் விட்டாய்.

அதற்குப் பிறகு வீடியோ பார்த்த எவரும் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "பக்கத்துல நின்னு பேசுற மாரி கீதே, யாரு சவுண்டு?" என்றுதான் கேட்டார்கள். வெயிலில் நின்று ஃபோகஸ் பிடித்தவன் நான், பேர் வாங்கினவன் நீ. நீயோ வெட்கத்தோடு என்னைக் கைகாட்டுவாய். அதுதான் இன்னும் எரிச்சல். வயிறு எரிந்தது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நாஷ்டாவே இறங்காது.

அப்புறம் நீ வீடு கட்டினாய். குடிபுகுகிற பிரதிஷ்டை அன்று பாஸ்டர் ஜெபம் முடித்ததும் வீட்டுக்காரன் எழுந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் சபை வழக்கம். சாட்சி சொல்கிறவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார முடியாதே. "சவுண்ட நீயே பாத்துக்கோ நைனா, ஒயரு பையில கீது" என்றாய்.

உன் பையை நான் திறக்கவே இல்லை. என் பாக்கெட்டில் நானே செய்த ஒயர் இருந்தது. மைக்கில் மூன்று பின், கேமராவில் சொருகுகிற முனையிலும் மூன்று பாகம். மூன்றுக்கு மூன்று பற்றவைத்தால் முடிந்தது, இதில் என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு. ஹெட்போனில் கேட்டேன். உன் ஒயரில் வருவதைவிட அகலமாகக் கேட்டது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் உன் வீட்டு ஹாலில் சபைக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, சபையின் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வைத்து வீடியோவைப் போட்டோம். தொடக்கத்தில் நான் சேர்த்த மியூசிக் ஜோராக வந்தது. பிறகு திரையில் நீ எழுந்து நின்றாய். வாய் அசைந்தது, குரல் இல்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ எழுந்து போய் பிளேயரின் பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இருந்த இரண்டு ஒயரில் வெள்ளையைப் பிடுங்கினாய். குரல் வந்துவிட்டது. "ஒயரு லூசு, வேற ஒண்ணும் இல்ல" என்று கூட்டத்துக்குச் சொன்னாய். அப்புறம் வாசலுக்கு இழுத்துப்போய் என்னிடம் மட்டும் சொன்னாய்: "ஒரே கொரல ஒரு பக்கம் நேரா, இன்னொரு பக்கம் தலகீழா அனுப்பிட்ட நைனா. ஒரே பொட்டியில சேந்தா ஒண்ண ஒண்ணு முழுங்கிடும். வுடு, பேஜார் பண்ணிக்காத." நீ திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அந்தப் பதிவைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். நான் செய்யவில்லை. செய்தால் தப்பு என்னுடையது என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் அல்லவா.

போன மாதம் உன் மனைவி கூப்பிட்டாள். அப்போது நான் கொடுத்த பென்டிரைவில் இருந்த வீடியோவைத் தன் போனில் ஏற்றியிருக்கிறாள். "அண்ணா, அவரு பேசிக்கினே கீறாரு, சத்தமே வரல. போன் ரிப்பேராண்ணா?" ரிப்பேர் இல்லை. அந்தப் போனில் இருப்பது ஒரே ஸ்பீக்கர், அன்றைய சபைப் பெட்டி மாதிரியே. "அவரு கொரலு வேற எதுலயும் இல்லண்ணா" என்று அழுதாள். உண்மைதான். ஊரார் குரலையெல்லாம் பிடித்துக்கொடுத்தவன் நீ, உன் குரல் இருந்தது இது ஒன்றில்தான்.

"போன்ல ஒண்ணும் இல்லம்மா. அன்னிக்கு நான் போட்ட ஒயரு தப்பு. அவன்தான் என்ன வுட்டுக்கொடுக்காம ஒயரு லூசுன்னு சொல்லி சமாளிச்சான்" என்றேன். "சரி பண்ண முடியுமாண்ணா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

வெட்டாத முழுப் பதிவைப் பழைய ஹார்ட் டிஸ்கில் தேடி எடுத்து, ஒரு பக்கத்தை அணைத்துவிட்டுக் கேட்டேன். நீ கர்த்தருக்கு நன்றி சொல்கிறாய். கொத்தனாருக்குச் சொல்கிறாய். நடுவில் நிறுத்தி, கேமராவைப் பார்த்து, "லெவல் ஏறுது நைனா, கொஞ்சம் கொற" என்கிறாய். கூட்டம் சிரிக்கிறது. ஹெட்போன் இல்லாமல் அங்கிருந்தே சத்தம் எகிறுவதை எப்படித்தான் கண்டுபிடித்தாயோ! சாட்சி சொல்லும்போதுகூட இவன் விடமாட்டானா என்று கடுப்பாகி, அப்போது அந்த இடத்தை நறுக்கி எறிந்திருந்தேன். இந்த முறை நறுக்கவில்லை. அப்படியே அவளுக்கு அனுப்பினேன்.

நேற்று அவள் மறுபடியும் கூப்பிட்டாள். "தெனமும் கேக்குறேண்ணா. மத்ததெல்லாம் கர்த்தராண்ட பேசுறாரு, சபையாண்ட பேசுறாரு. லெவலுன்னு சொல்றாரே, அந்த ஒரு எடத்துலதான் ஊட்ல பேசுற மாரியே பேசுறாரு. அதுவும் உங்களாண்ட. எனக்குப் பொறாமையா கீதுண்ணா" என்றாள்.

எனக்குப் பொறாமைப்படத் தெரியும். என் மேல் ஒருத்தி பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை.

அவள் போனில் அந்த இடம் ஓடும்போதெல்லாம் உன் வீட்டில் நீ "நைனா" என்று என்னைத்தான் கூப்பிடுகிறாய். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.