உடையாத கோலா உருண்டை

25 பிப்ரவரி 1979, ஞாயிறு

இன்று பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, சாய்வு நாற்காலியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கையில், கோலா உருண்டையை நானே செய்வது என்று தீர்மானித்தேன். நம் புதுச்சேரிப் பிரதேசத்தைத் தமிழ்நாட்டோடு இணைப்பதா கூடாதா என்று போன மாதம் ஊரே கடையடைத்துக் கத்தியது. அந்த விஷயத்தில்கூட யாரும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். நேரத்தைக் குறித்து வைப்பது நல்லது.

காரணம் மேரி. என் தங்கை இருதயமேரி, வயது முப்பத்தொன்பது, கன்னியர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அம்மா போன பிறகு பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் சமையலும் நிர்வாகமும் அவள்தான். நான் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா, வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் பெரிதாக வற்புறுத்தவும் இல்லை.

புதுச்சேரி டவுனில் சூசைராஜ் என்று ஒரு தலைமையாசிரியர், மனைவியை இழந்து நான்கு வருடம் ஆனவர், மேரியைக் கேட்டிருக்கிறார். தை மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டும் போனார். அன்று சாயங்காலம் மேரி துணி மடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இன்று பூசை முடிந்து கோயில் வாசலில், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த ஞானசௌந்தரி அக்காவிடம் மேரி பேசிக்கொண்டிருந்தாள். நான் மூன்றடி தள்ளி மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணனுக்கு வெந்நி வைக்கக்கூட தெரியாதுக்கா. நான் போயிட்டா அது பட்டினி கெடந்து செத்துரும்."

உயிர்த்த ஞாயிறு வரை தவணை கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். என்னால்.

வெந்நீர் வைத்துக் காட்டினால் அது நிரூபணம் ஆகாது. சாம்பாரும் ஆகாது. கொத்துக்கறியை மசாலாவோடு அரைத்து உருட்டிப் பொரிக்கும் இந்த உருண்டையை மேரி வருடத்துக்கு இரண்டு தடவை செய்வாள், தெருவே மூக்கை நீட்டும். அதைச் செய்து காட்டினால் அவள் போகலாம். வேறு எதுவும் அவளிடம் செல்லாது.

27 பிப்ரவரி, செவ்வாய்

அரை நாள் லீவு. அரைக் கிலோ கொத்துக்கறி. மேரி பள்ளிக்கூடம் போனதும் ஆரம்பித்தேன். சுத்தம் முக்கியம் என்பதால் கொத்துக்கறியை நான்கு தண்ணீரில் அலசினேன். உருட்டினேன், உருண்டது. எண்ணெயில் போட்டேன். முதல் உருண்டை இரண்டாகப் பிரிந்தது. இரண்டாவது பலவாகப் பிரிந்தது. ஐந்தாவதுக்குப் பிறகு வாணலியில் இருந்ததற்குப் பெயர் இல்லை.

மேரி வந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "பசிக்குதாண்ணே?" என்றாள். ரசம் வைத்தாள்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொன்னதை நானே நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன்.

28 பிப்ரவரி, புதன்

விபூதிப் புதன். இன்று தொடங்கித் தவக்காலம் முடியும் வரை எங்கள் வீட்டில் கறி கிடையாது. தீர்மானம் எடுத்த மனிதர் காலண்டரையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை அம்பலவாணனும் நானும் நெற்றியில் சாம்பலோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவருக்கு தினமும் விபூதி, எனக்கு வருடத்துக்கு ஒரு நாள். வந்தவர்கள் குழம்பினார்கள்.

1 மார்ச், வியாழன்

கறிக்கடை தாவூது பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, பெஞ்சியில் இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

"கழுவிட்டுக் கொத்தணும், தம்பி. கொத்திட்டா கழுவுறது? நாலு தண்ணியா? வேட்டி தொவைக்கிற மாதிரில்ல தொவச்சிருக்கீங்க."

பெஞ்சியில் இருந்தவர்கள் பண்போடு தரையைப் பார்த்தார்கள்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். காரணம் தெரிந்துவிட்டதே! தண்ணீர். உருண்டைக்கு எதிரி தண்ணீர். இது தெரியாமல் நாற்பத்து நான்கு வருடம் ஆட்டுக்கறி தின்றிருக்கிறேன்.

4 மார்ச், ஞாயிறு

கறி இல்லாவிட்டால் என்ன, கை பழகலாம். சேனைக்கிழங்கை வேகவைத்து மசித்து, அதே மசாலா, அதே அம்மி. மேரியிடம், உயிர்த்த ஞாயிறு சாப்பாடு என் பொறுப்பு என்று அறிவித்தேன். அடுப்படியை விட்டு நகர்ந்துகொண்டாள். ஆனால் வாசற்படியிலேயே நின்றாள், தீயணைப்பு வண்டி நிற்பதுபோல.

பன்னிரண்டில் ஏழு பிழைத்தன.

5 மார்ச், திங்கள்

பிழைத்ததில் மூன்றை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். அம்பலவாணன் பரம்பரைச் சைவம். மூன்றையும் நிதானமாகச் சாப்பிட்டார். "கறின்னா இப்பிடித்தான் இருக்கும்னா, எங்க வம்சம் ஒண்ணும் பெருசா இழந்துடலீங்க" என்றார்.

11 மார்ச், ஞாயிறு

கறியைச் சமைத்துவிட்டுத் தின்னாமல் இருந்தால் பாவமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். பாவமில்லை, பைத்தியம் என்றார்.

19 மார்ச், திங்கள்

சூசையப்பர் திருநாள். புதுச்சேரிக்காரரின் பெயர்த் திருநாளும் இதுதான். மேரி காலையில் ஒரு தபால் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அதே கார்டில் தயிர்க்காரிக்கு எத்தனை நாள் பாக்கி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மேலே புதுச்சேரி முகவரி மட்டும் எழுதி அடித்திருந்தது.

கை பழகியது போதாது. வேகம் வேண்டும்.

25 மார்ச், ஞாயிறு

பதினெட்டு போட்டேன், பதினெட்டும் நின்றன!!

இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன், இருக்கட்டும். கண்டுபிடித்தது இவ்வளவு: பொட்டுக்கடலை மாவை ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. கையில் ஒட்டாமல் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். தேங்காய், சோம்பு, கசகசா, மிளகாய், இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக அரைக்க வேண்டும். அம்மி முனகும், நாமும் முனகலாம், தண்ணீர் மட்டும் கூடாது. வெங்காயத்தைப் பொடியாக அரிந்து கடைசியில்தான் சேர்க்க வேண்டும், முன்னாலேயே சேர்த்தால் அது அழ ஆரம்பித்துவிடும். உருண்டை எலுமிச்சை அளவு இருக்க வேண்டும். உருட்டும்போது விரிசல் இருந்தால் இரக்கப்படாமல் மறுபடி பிசைய வேண்டும். எண்ணெய் மிதமாகக் காய வேண்டும். போட்டவுடன் கரண்டியால் சீண்டக்கூடாது. இந்தக் கடைசி விதியைப் பின்பற்றுவதுதான் கஷ்டம். போட்டதும் அதை நலம் விசாரிக்கக் கை பரபரக்கிறது.

தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன். யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது.

8 ஏப்ரல், குருத்து ஞாயிறு

ஞானசௌந்தரி அக்கா வந்து, பதிலை நேரில் கேட்டுப்போக சூசைராஜே பண்டிகையன்று வருகிறார் என்றார். மத்தியானச் சாப்பாடு இங்கே. மேரி, "கடுதாசியில சொன்னா ஆகாதா, அக்கா?" என்றாள். அக்கா, "முகத்தப் பாத்து முடியாதுன்னு சொல்லு, பாப்போம்" என்றுவிட்டுப் போனார்.

என் உருண்டையை அவரும் தின்னப்போகிறார்! இதுவரை உடையாமல் நான் செய்தது எல்லாம் கிழங்கு. கிழங்கு அடக்கமான பொருள். கறி எப்படி நடந்துகொள்ளும்? ஆறு வாரம் கழித்து முதல் தடவையாக, விருந்தாளி முன்னால். உடைந்தால், மேரி அவர் முகத்தைப் பார்த்து, அண்ணனை விட்டு வர முடியாது என்று சொல்லிவிடுவாள்.

9 ஏப்ரல், திங்கள்

உத்தரவாதம் கேட்டு தாவூது பாயிடம் போனேன். மாவு, பதம் எல்லாம் ஒப்பித்தேன். திருப்தியோடு கேட்டார். உடையவே கூடாதென்றால் ஒரே வழி, பழைய ஆட்கள் செய்வதுபோல ஒவ்வொரு உருண்டையையும் வாழைநாரால் குறுக்கே நெடுக்கே கட்டிப் பொரிப்பது என்றார். நார் ஈரத்தில் ஊறியிருக்க வேண்டும், இறுக்கினால் பிதுங்கும், தளர்த்தினால் நழுவும். "கட்டிட்டீங்கன்னா பூகம்பம் வந்தாலும் ஒடையாது, தம்பி."

இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?

11 ஏப்ரல், புதன்

கட்டிப் பழக எலுமிச்சம்பழம் முப்பது வாங்கினேன். ராத்திரிக்குள் எல்லாவற்றையும் குறுக்கும் நெடுக்கும் கட்டி அடுப்படி மேடையில் வரிசையாக வைத்தேன். கடைசிப் பத்தும் அச்சடித்ததுபோல இருந்தன.

12 ஏப்ரல், வியாழன்

பாத்திரம் தேய்க்க வரும் அஞ்சுகம் காலையில் கட்டுப்போட்ட முப்பது எலுமிச்சையைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். யார் வைத்தது என்று கேட்டிருக்கிறாள். மேரி, "எங்க அண்ணன்தான்" என்றாள். அதிலிருந்து அஞ்சுகம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நடக்கிறாள். முன்பு இவ்வளவு மரியாதை கிடையாது.

13 ஏப்ரல், பெரிய வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. கசகசா வறுத்து வைத்தேன்.

15 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

விடியற்காலை ஐந்தரைக்குக் கறிக்கடையில் முதல் ஆள் நான். பாய் தொடைக்கறியாகப் பார்த்து, கழுவி, வடியவைத்து, என் கண் முன்னாலேயே கொத்தினார். கொடுக்கும்போது, வீட்டில் போய் மறுபடி கழுவிவிடாதீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

மேரி எட்டு மணிப் பூசைக்குப் போனாள். அம்மி, மாவு, நார். இருபத்தாறு உருண்டை. முதல் நான்கை எண்ணெயில் விட்டுவிட்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், சீண்டிவிடுவேன் என்ற பயத்தில். கொதித்தது, குமிழ் வந்தது, நிறம் மாறியது. அசையவில்லை. ஒன்றுகூட! இருபத்தாறும்! செம்பழுப்பாக, முழுசாக, நார் வரிவரியாகப் பதிந்து, வரிந்து கட்டிய சின்னச் சின்ன மூட்டைகள்போல. நான் தனியாக நின்று கைதட்டினேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டரைக்கு சூசைராஜ் வந்தார். ஒடிசலான மனிதர், தோளில் துண்டு, குறைவான பேச்சு. மூன்று பேரும் உட்கார்ந்தோம். சோறு, ரசம், நடுவில் உருண்டை. அவர் ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டு மென்றார். மென்றார். பிரசங்கம் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் மென்றார். விழுங்கினார். "நல்லா இருக்குங்க, சார்" என்று இன்னொன்று எடுத்தார். பிறகு மூன்றாவது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேரி அப்போதுதான் தன்னுடையதைக் கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். வாயிலிருந்து எதையோ இழுத்தாள், அது வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம். வாழைநார்.

என்னைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது — கட்டியதை அவிழ்க்க வேண்டும் என்று பாய் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. எலுமிச்சம்பழத்தை நான் தின்று பார்க்கவும் இல்லை.

பிறகு மேரி சூசைராஜின் இலையைப் பார்த்தாள். இலை சுத்தமாக இருந்தது. பொண்ணு பார்க்க வந்த நாளில்கூட அவரோடு நேராகப் பேசாதவள், நேராகக் கேட்டாள்:

"உங்களுக்கு நாரு வரலீங்களா?"

"வந்துச்சுங்க."

"எங்க?"

"உள்ள போயிடுச்சுங்க."

"மூணுமா?"

"மூணும்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "சாரு ஆசையா செஞ்சிருக்காங்க. இந்த ஊருப் பக்கம் இப்புடித்தான் போலன்னு…"

மேரி சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், நிற்கவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சிரித்தாள். நான் மீதி இருபத்திரண்டு உருண்டைக்கும் கட்டு அவிழ்த்தேன். அவர் உதவினார். அவிழ்த்தபின் உண்மையிலேயே நன்றாக இருந்தன, இதை ஆதாரத்தோடு சொல்வேன், ஆறு தின்றார். பதில் எதுவும் கேட்காமல் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் மேரி வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒண்ணுகூட ஒடையலல்ல."

"ஒடையல."

"பன்னெண்டு வருஷமா நான் இல்லாட்டி இந்த வீடு நடக்காதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க ஆறு வாரத்துல கத்துக்கிட்டீங்க."

இது நான் எதிர்பார்க்காதது. அவளை அனுப்பி வைக்கத்தான் இவ்வளவும் செய்தேன். அவள் காதுக்கு அது, நீ வேண்டாம் என்றா கேட்டிருக்கிறது? "மேரி, நீ இல்லாம நல்லாருக்காது. ஆனா நான் செத்துற மாட்டேன். அவ்வளவுதான்" என்றேன். அதுவும் குளறியது.

அவள் வாணலியைக் கவிழ்த்து வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கருக்கித் தின்னாலும் இனிமே எனக்குக் கவலை இல்ல, அண்ணே. நான் அதப் பத்தி யோசிக்கல. நாரு முழுங்குன மனுசன்கிட்ட எதச் சொல்லி சண்ட போடுறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

16 ஏப்ரல், திங்கள்

மேரி கடிதம் எழுதினாள். நானே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டும் பெட்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன்.

6 மே, ஞாயிறு

கோயிலில் மேரிக்கும் சூசைராஜுக்கும் மூன்றாவது கல்யாண ஓலை வாசித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தாவூது பாய் கல்யாணத்துக்குக் கறி தன் பொறுப்பு என்கிறார்.

14 மே, திங்கள்

கல்யாணம். அம்பலவாணன் குடும்பத்தோடு வந்து தயிர்சோறு சாப்பிட்டார். மேரி பட்டுப்புடவையில் வேறு யாரோ போல இருந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "உப்பு ஜாடி மேல் தட்டுல இருக்கு" என்றாள்.

5 ஜூன், செவ்வாய்

குடிமைப் பொருள் அலுவலகத்துக்குப் போனேன். குடும்ப அட்டையில் இரண்டாவது பெயரைச் சிவப்பு மையால் அடித்து முத்திரை வைத்தார்கள். அரிசி இனி ஒரு ஆளுக்கு.